சுகந்தி பார்க்க விழுங்கிய மாத்திரை

பிள்ளையைக் காப்பாற்றியவள் என்று என்னைச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாளும் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குக் கட்டிலில் இருப்புக்கொள்ளவில்லை.

என் பெயர் ராஜேஸ்வரி. லுணுகலைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பதினான்கு வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்திருக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், தர்ஷினி. ஏ.எல்., அதாவது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் பின்பக்கத்துப் படியில் இறங்கினேன். இடுப்பில் சுகந்தியின் ஒன்பது மாதப் பிள்ளை. இரண்டாவது படியில் கால் தவறியது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு முழுப் பாரத்தையும் இடது காலில் வாங்கி விழுந்தேன். கணுக்காலில் விறகு முறிகிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஓடி வந்த ஆட்கள் கண்டதும் இவ்வளவுதான்.

அவர்கள் காணாதது இது. பால்மா டின்களுக்குப் பின்னால் பழைய கிரைப் வாட்டர் போத்தல் ஒன்று வைத்திருந்தேன். அதில் இருந்தது கசிப்பு, அதாவது களவாகக் காய்ச்சுகிற சாராயம். படி இறங்குவதற்குச் சற்று முன்பு அதில் இரண்டு மடக்கு குடித்திருந்தேன். காலையிலிருந்து அது ஆறாவது தடவை.

எப்படித் தொடங்கியது என்று டாக்டரும் பிறகு கேட்டார். தர்ஷினி பிறந்தபோது உடம்பு வலிக்கு நல்லது என்று ஒரு மூடி சாராயம் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் அது வழக்கம்தான். பிறகு மாதத்தில் ஒரு தடவை, இடுப்பு வலிக்கும்போது. பிறகு வலிக்காதபோதும். கடைசி மூன்று வருடம் காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு மடக்கு போனால்தான் நிற்கும். வாடை தெரியாமல் இருக்க வாயில் எப்போதும் கராம்பு மென்றுகொண்டிருப்பேன். ஆண் குடித்தால் எங்கள் வரிசை வீடுகளான லயமே பேசும். பெண் குடித்தால் யாருக்கும் சந்தேகம்கூட வராது. எனக்கு அது வசதியாக இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது நர்ஸ் மிஸ்ஸி ஒருவர் பேப்பரைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சீனி வியாதி இருக்கா? பிரஷர் இருக்கா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?

"குடிப்பழக்கம் இருக்காம்மா?"

"ஐயோ, இல்லீங்க மிஸ்ஸி."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். தர்ஷினி பக்கத்தில் நின்றிருந்தாள். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஆபரேஷன். கணுக்காலில் தகடு வைத்து ஆணி போட்டார்கள். வலிக்கு ஊசியும் மாத்திரையும் தந்தார்கள். வலி அடங்கியது. ஆனால் உடம்பு அடங்கவில்லை. விரல்கள் தாமாகவே போர்வையின் ஓரத்தைச் சுருட்டின, விரித்தன, மறுபடி சுருட்டின. நெஞ்சு படபடவென்று அடித்தது. தலையணை இரண்டு பக்கமும் வியர்வையில் நனைந்தது. கூரையில் இருந்த சதுரங்களை எண்ணினேன். முப்பதுக்கு மேலே போனதும் எண்ணிக்கை விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன். சாப்பாடு உள்ளே இறங்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், ஆட்களைப் பார்க்க விடுகிற நேரத்தில், சுகந்தி வந்தாள். மாவு ரொட்டியும் கட்டச் சம்பலும் ஒரு சட்டியில் கட்டிக்கொண்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"அக்கா, ஒங்க கால் ஒடிஞ்சது எம்புள்ளைக்காகத்தானே. இந்த நன்றிய நான் எங்கக்கா கொண்டுபோய் தீர்ப்பேன்?" என்று என் கையைப் பிடித்தாள். என் கை அவள் கைக்குள் உதறிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் பிள்ளைகள் வந்தன. வார்ட்டின் கூரையில், மின்விசிறிக்குப் பக்கத்தில், கைக்குழந்தைகள் தவழ்ந்தன. ஐந்தாறு இருக்கும். ஒன்று விளிம்புக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தது. மற்றவர்கள் பேசாமல் இருந்தது எனக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. "புடிங்க, புடிங்க, விழுந்துரும்" என்று கத்தினேன். சேலைன் குழாயைப் பிடுங்கிவிட்டு, மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தேன். மூன்று பேர் சேர்ந்து அழுத்திப் பிடித்தார்களாம். இதெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். மீதியைத் தர்ஷினி பிறகு சொன்னாள்.

சுகந்தி அழுதாளாம். "பாவம், எம்புள்ளைய நெனச்சு நெனச்சே பயந்துபோய்ட்டாங்க" என்றாளாம். பக்கத்துக் கட்டில் அம்மா, காற்றுக் கருப்பு பட்டிருக்கும், திருநீறு போடுங்கள் என்றாராம். அப்போது ஓடி வந்த டாக்டரை என் மகள் வார்ட்டு வாசலுக்குக் கூட்டிப்போனாள்.

"டாக்டர், எங்கம்மா குடிப்பாங்க. தெனமும். மிஸ்ஸி கேட்டப்ப பொய் சொன்னாங்க. நானும் பேசாம இருந்துட்டேன்."

பதினெட்டு வயதுப் பிள்ளை அதைச் சொல்ல எப்படி வாயெடுத்திருப்பாள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். அவள் சொல்லியிராவிட்டால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

எனக்கு வந்ததற்கு டாக்டர்கள் ஒரு பெயர் சொன்னார்கள். எனக்கு விளங்கியபடி சொல்கிறேன். நாள்தோறும் குடிக்கிறவருடைய மூளை அந்தக் குடிக்குப் பழகி, அதற்கு எதிராக ஓடிக்கொண்டே இருக்கும். குடி திடீரென்று நின்றுபோனால், பிரேக் இல்லாமல் பள்ளத்தில் இறங்குகிற லொறி மாதிரி ஆகிவிடும். நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, சிலருக்கு வலிப்பு. உயிரும் போகலாம். அதனால் பல வருடம் குடித்தவர்கள் வீட்டில் இருந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்தப் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். எனக்கு மூளையைச் சாந்தப்படுத்துகிற மருந்தைக் கூடுதலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்தார்கள். குடிக்கிறவர் உடம்பில் வற்றிப்போகிற விட்டமின் ஒன்றை ஊசியாகப் போட்டார்கள். ஆறாம் நாள் கூரை வெறும் கூரையாகிவிட்டது.

கொழும்பிலிருந்து என் கணவர் வந்தார். தர்ஷினி போனில் எல்லாம் சொல்லியிருந்தாள். ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு தோடம்பழத்தை உரித்தார். ஒவ்வொரு சுளையிலும் விதையை எடுத்துவிட்டு என் கையில் வைத்தார். பழம் முடிந்த பிறகுதான் பேசினார்.

"இத்தன வருஷம் ஒன்னோட போன்ல பேசியிருக்கேன். எனக்கே தெரியலியே ராஜி."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு விடுவதற்கு முன்னால் மனநல டாக்டர் ஒருவர் வந்தார். சிங்களவர், நடுவயதுப் பெண். நிறுத்தி நிறுத்தி நல்ல தமிழ் பேசினார். மறுபடி குடிக்காமல் இருக்க உதவுகிற மருந்துகள் இருக்கின்றன என்றார். ஒன்று, அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சடித்து, வாந்தி புரட்டி எடுக்கும். இன்னொன்று, குடியை விட்ட பிறகு மூளையில் இருக்கிற பதற்றத்தைத் தணிக்கும். மூன்றாவது, குடித்தாலும் மண்டைக்குள் அந்தச் சந்தோஷம் வராமல் கதவைச் சாத்திவிடும். போகப் போக ஆசையும் குறையும்.

"வாந்தி வர்றதக் குடுங்க டாக்டர். எனக்கு அதுதான் சரி" என்றேன்.

"ஏன் அது?"

"நான் செஞ்சதுக்கு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அம்மா, நான் மருந்து எழுதுறது தண்டனைக்கு இல்ல. உங்க ஈரல் இப்ப வீங்கியிருக்கு. அந்த மருந்து ஈரலுக்கு இன்னும் பாரம்."

மூன்றாவது மருந்தை எழுதலாம், ஆனால் உடனே முடியாது என்றார். கால் வலிக்கு நான் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையும் இதுவும் சேரவே சேராது. வலி மாத்திரையை முழுக்க நிறுத்திப் பத்து நாளாவது போக வேண்டும், ஈரல் பரிசோதனையும் திரும்பச் செய்ய வேண்டும். அந்த மருந்து எடுக்கும் காலத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். இதையெல்லாம் கிளினிக் கொப்பியில் எழுதித் தந்தார்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு ஊன்றுகோலோடு கிளினிக் போனோம். வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். எல்லாருக்கும் பக்கத்தில் ஒரு மனைவி, இல்லாவிட்டால் தாய். என்னையும் யாரோ ஒருவருடைய மனைவி என்று நினைத்து, "ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். "உள்ள போயிருக்காரு" என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. தர்ஷினி கொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஈரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. முதல் மூன்று நாளும் பாதி மாத்திரை, பிறகு முழுசு, காலையில் சாப்பிட்ட பிறகு. வெளியே பார்மசியில்தான் கிடைத்தது. முதல் வாரம் குமட்டியது, தலை வலித்தது, தூக்கம் விட்டு விட்டு வந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் மூன்று மணி. மத்தியானம் அந்த நேரம் ஆனால் உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி இருக்கும். உட்காருவேன், எழும்புவேன், ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு லயத்தின் இந்தத் தொங்கலுக்கும் அந்தத் தொங்கலுக்கும் நடப்பேன். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பேன். ஆனாலும் குடிக்கவில்லை. மூன்று வாரம் குடிக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் சுகந்தி பிள்ளையோடு வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, சங்கதி தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கெழம கோயில்ல ஒங்களுக்குப் பொன்னாட போத்துறோம். தோட்டத்துத் தொரையும் வர்றாராம். நான்தான் எல்லார்கிட்டயும் கேட்டு ஏற்பாடு பண்ணேன்."

"அதெல்லாம் எதுக்கு சுகந்தி?"

"எதுக்கா? எம்புள்ள இருக்குறதே ஒங்களாலதானே."

அன்றைக்கு மறுநாளிலிருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். தர்ஷினி தண்ணீர்க் கோப்பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியதும் சட்டைப் பையில் துப்பினேன். மாத்திரை உள்ளே இருந்தால் குடிப்பதில் பிரயோசனம் இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு நாள் அப்படிச் செய்தேன். நாலாம் நாள், தர்ஷினி பள்ளிக்கூடம் போன பிறகு, பழைய இடத்துக்கு ஆளனுப்பி வாங்கிக் குடித்தேன். ருசிகூடத் தெரியவில்லை. குடித்தேன் என்பதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், கழுவப் போட்டிருந்த என் சட்டையை எடுத்தாள். பையில் நாலு மாத்திரை, ஓரம் கரைந்து துணியோடு ஒட்டிப்போய். அவள் அதைச் சுரண்டி எடுத்து ஒரு பேப்பரில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

"கிளினிக்குக்கு நாளைக்கே போவோம்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரும் கோபிக்கவில்லை. எவ்வளவு குடித்தேன், எத்தனை நாள், இப்போது கை நடுங்குகிறதா என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு நாள்தான் என்பதால் மறுபடி தொடங்கலாம் என்றார். "மருந்து தோத்துப்போகல. நீங்க போடல, அவ்வளவுதான். திரும்பக் குடிக்கிறது இந்த நோய்ல நடக்குறதுதான். இங்க வந்து சொன்னீங்களே, அது நல்லது. ஆனா இனிமே ஒருத்தர் முன்னால போடணும். போட்ட பிறகு அவங்க பாக்கணும். மகள் பாத்துக்குவாங்களா?"

தர்ஷினி இல்லை என்று தலையை ஆட்டினாள். "என்னால முடியாது டாக்டர்." என் பக்கம் திரும்பினாள். "சின்ன வயசுல இருந்து ஒங்கள பாத்துக்கிட்டேதாம்மா இருக்கேன். நடக்குறீங்களா, தடுமாறுறீங்களா, வாட வருதான்னு. இன்னும் என்னால பாக்க முடியாதும்மா. நான் பரீட்ச எழுதணும்."

பசறை வழியாக வந்த பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஒவ்வொரு வளைவிலும் அவள் தோள் என் மேல் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். அவள் அப்போதுதான் மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். போத்தலைச் சொன்னேன், ஆறு தடவையைச் சொன்னேன், படியைச் சொன்னேன்.

"நான் ஒம்புள்ளைய காப்பாத்தல சுகந்தி. நான்தான் கீழ போடப் பாத்தேன்."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். இரண்டு மாதத்துக்கு முந்தி நடந்தது என்பதே மறந்துபோன மாதிரி, மண்டை, முதுகு, கை, கால் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இத இடுப்புல வச்சுக்கிட்டா? குடிச்சிட்டா?" என்றாள். "ஒன்ன நம்பித்தானேடி நான் மலைக்குப் போனேன். ஒன்ன நம்பித்தானே!"

போய்விடு என்றாள். போனேன்.

இருட்டுவதற்குள் லயம் முழுவதும் தெரிந்துவிட்டது. பொன்னாடை நின்றது. தோட்ட ஆபீசிலிருந்து கடிதம் வந்தது: டாக்டர் எழுதித் தரும்வரை வேலைக்கு வரக் கூடாது. தண்ணீர்ப் பைப்படியில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். அந்த நாட்களில் மாத்திரையை யார் பார்க்கப் போட்டேன் என்று கேட்பீர்கள். கணவர் பார்க்கத்தான். அவர் தினமும் காலை ஆறரைக்குக் கொழும்பிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். பின்னால் கடைக் குசினியில் பாத்திரச் சத்தம் கேட்கும். நான் போனுக்கு முன்னால் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவேன். சிக்னல் இல்லாத நாளில் அவர் பதறிப்போவார், நானும் பதறுவேன்.

நாலு மாதம் கழித்து டாக்டர் கடிதம் தந்தார். ஈரல் பரிசோதனை சரியாக இருந்தது. இன்னொரு ஆயா கூடவே இருக்க வேண்டும், பிள்ளைகளோடு நான் தனியே இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். ஆனால் தாய்மார் சம்மதிக்க வேண்டும். பிள்ளைக்காம்பராவில் கூட்டம் வைத்தார்கள். நான் ஒரு மூலையில் நின்றேன். என் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டுவதை நிறுத்த முடியவில்லை.

"மறுபடி குடிக்க மாட்டாங்கன்னு யாரு பொறுப்பு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"என்னால அப்படிச் சத்தியம் பண்ண முடியாது" என்றேன். "மாத்திர போடுறேன். கிளினிக் போறேன். இன்னைக்குக் குடிக்கல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

பின்வரிசையிலிருந்து சுகந்தி எழும்பினாள். கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"அந்த மாத்திர காலையில போடுறதா?"

"ஆமா."

"அப்ப இங்க வந்து போடட்டும். பெரட்டுல பேர் பதியப் போறதுக்கு முன்னால நான் புள்ளைய விட வர்ற நேரத்துல. நான் பாக்குறேன். முழுங்கலேன்னா நானே ஆபீசுக்குப் போய்ச் சொல்லுவேன்."

அது மன்னிப்பு இல்லை. பிள்ளையை விட அவளுக்கும் வேறு இடம் இல்லை. யாராவது பார்க்க வேண்டும் என்றால் தானே பார்ப்பது என்று முடிவெடுத்தாள், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு முன்னால் சுகந்தி வாசலில் நிற்பாள். வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. மற்ற ஆயா கையில் பிள்ளையைக் கொடுப்பாள். நான் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவேன், விழுங்குவேன், தண்ணீர் குடிப்பேன்.

"வாயத் தொற."

திறப்பேன்.

"நாக்கத் தூக்கு."

தூக்குவேன். அவள் குனிந்து இரண்டு பக்கமும் பார்ப்பாள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போவாள். மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முதல் மாதம் அந்த வெட்கத்தில் காது எரியும். ஒரு நாள் அழுதுவிட்டேன். அன்றைக்கும் அவள் நாக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இதை எழுதுகிற இப்போது மாத்திரை தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எவ்வளவு காலம் என்று அடுத்த கிளினிக்கில் பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று மணி இன்னமும் வருகிறது. ஆனால் முந்தியைப் போல அதட்டுவதில்லை. நான் எழும்பிப் போய்ப் பால் போத்தல்களைச் சுடுதண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாகக் கழுவுவேன், மற்ற ஆயாவோடு ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். தர்ஷினி பரீட்சை எழுதிவிட்டாள். பெறுபேறு வரவில்லை. என்னோடு பேசுகிறாள், ஆனால் நான் அறைக்குள் வந்தால் அவள் மூக்கு இன்னும் என் பக்கம் திரும்புகிறது. அது அவளுக்கே தெரிவதில்லை. அதற்கு மாத்திரை இல்லை.

எங்கள் லயங்களில் என்னைப் போல ஒளித்துக் குடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இதற்கு மருந்து இருக்கிறது. எந்த மருந்து யாருக்குச் சரி என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். ஆனால் அதை விழுங்க வைக்கிற மருந்து ஒன்றும் கிடையாது.

போன வாரம் ஒரு காலையில் நல்ல மழை. சுகந்தி தலையில் ரெட்டுத்துணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். மற்ற ஆயா இன்னும் வந்து சேரவில்லை. நான் மாத்திரையை விழுங்கி, வழக்கம்போல வாயைத் திறந்து நின்றேன். அவள் துணிக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்து, என் இடுப்பில் வைத்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தப் பாரம் என் மேல் ஏறியது. எனக்கு வாயை மூடத் தோன்றவில்லை.

"மூடுங்கக்கா, ஈ பூந்துரப் போவுது" என்று சொல்லிவிட்டு அவள் பெரட்டுக்கு ஓடினாள்.